சரளி முடிந்தது என்றால் எது முடிந்தது?

யாழ்ப்பாணத்தில் சங்கீதம் படிக்கிற ஒரு பிள்ளையின் கொப்பியைத் திறந்து பாருங்கள். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, பிறகு ஆரம்பப் பாடங்களான சரளி வரிசை (ஏறி இறங்கும் சுரப் பயிற்சி), ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம், கீதம் என்று ஒழுங்காக எழுதியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் மேலே திகதி இருக்கும். அது பாடம் எழுதிக் கொடுத்த நாள். அந்தப் பாடத்தைப் பிள்ளை பிழையில்லாமல் பாடிக் காட்டிய நாள் எங்கும் இராது. “பிள்ளை எதுவரைக்கும் போயிட்டா ரீச்சர்?” என்று தாய் கேட்பார். “அலங்காரம் நடக்குது” என்று பதில் வரும். கொப்பி எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்பதை அந்தப் பதில் சொல்கிறது. பிள்ளைக்கு என்ன வரும், என்ன வராது என்பதைச் சொல்லவில்லை.

ஆசிரிய கலாசாலையிலோ கல்வியியற் கல்லூரியிலோ பயின்ற ஆசிரியர்களுக்குத் தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், கற்றற்பேறு எல்லாம் பழகிய சொற்கள். பாடக்குறிப்பில் இலக்கு என்று “மாணவர் மாயாமாளவகௌளை இராகத்தை விளங்கிக் கொள்வர்”, “சரளி வரிசையை இரசித்துப் பாடுவர்” என்று எழுதினால் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் விளங்கிவிட்டது என்பதை வகுப்பில் நின்று எதைக் கொண்டு தீர்மானிப்பது? இரசித்தது பதினைந்து பேரா, முப்பது பேரா? காதால் கேட்கவோ கண்ணால் பார்க்கவோ கூடிய வினைச்சொல் இல்லாத இலக்கு வகுப்பில் எதற்கும் உதவாது. பாடும், தட்டும், எழுதும், சொல்லும், காட்டும் என்ற ஐந்து வினைகளே சங்கீத வகுப்பின் பெரும்பாலான இலக்குகளுக்குப் போதும்.

ஒரு மாதிரி இதோ: “5 கட்டைச் சுருதியில், கொப்பி பார்க்காமல், தானே ஆதி தாளம் போட்டு, முதல் மூன்று சரளி வரிசைகளையும் முதலாம், இரண்டாம் காலங்களில் பாடும். கை நிற்கக் கூடாது. கடைசி ஸட்ஜம் சுருதியோடு சேர வேண்டும்.”

வசனம் நீளம்தான். (காலம் என்பது வேகப் படி, இரண்டாம் காலம் முதலாவதின் இரட்டிப்பு வேகம். ஸட்ஜம் என்பது ஸ.) ஆனால் இதில் ஒவ்வொரு துண்டும் வகுப்பில் அடிக்கடி நடக்கிற ஒரு பிழைக்குக் காவலாக வைத்தது.

சுருதியை, அதாவது பாட்டுக்கு ஆதாரமான ஒலியின் உயரத்தை, முதலில் எடுப்போம். 5 கட்டை (ஹார்மோனியத்தில் ஐந்தாவது வெள்ளைக் கட்டை) என்று எழுதும்போதே ஆசிரியர் ஒரு முடிவு எடுத்துவிடுகிறார். ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் பொதுவாக 5 முதல் 6 கட்டை வரை வசதியாக இருக்கும். வளர்ந்த ஆண் குரல் 1 கட்டை, 1½ கட்டைக்குப் பக்கத்தில் நிற்கும். ஆண் ஆசிரியர் தன் சுருதியிலேயே சுருதிப் பெட்டியைப் போட்டுச் சொல்லிக் கொடுத்தால், சின்னப் பிள்ளை கீழே போய் முனகும், அல்லது மேல் ஸ்தாயியில் கத்தும். அதைக் கேட்டுவிட்டு “இந்தப் பிள்ளைக்குக் குரல் இல்லை” என்று சொல்லிவிடுவது பெரிய அநியாயம். எந்தச் சுருதியில் கேட்டோம் என்று எழுதி வைத்திருந்தால் அந்தத் தீர்ப்பு வந்திருக்காது.

“தானே தாளம் போட்டு” என்பது அடுத்தது. ஆசிரியர் மேசையில் தட்டிக்கொண்டிருக்கும்வரை முழு வகுப்பும் தாளத்தில்தான் இருக்கும். தட்டுவதை நிறுத்திவிட்டு ஒரு பிள்ளையைத் தனியே பாடச் சொல்லுங்கள். லகுவில், அதாவது ஒரு தட்டும் விரல் எண்ணுவதுமான பகுதியில், சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று எண்ண வேண்டிய கை நடுவிரலை விழுங்கிவிட்டு, தட்டி வீசும் திருதத்துக்குப் பாய்ந்துவிடும். ஆதி தாளத்தின் எட்டு அட்சரம் (எண்ணிக்கை) ஏழாகிவிட்டது பிள்ளைக்குத் தெரியாது, ஏனென்றால் பாட்டு கையைப் பார்த்துப் போகவில்லை, கைதான் பாட்டுக்குப் பின்னால் போகிறது.

“கை நிற்கக் கூடாது” என்ற நிபந்தனையை நாங்கள் எல்லாவற்றிலும் மேலாக வைப்போம். பிழைத்தவுடன் நிறுத்தி, “சொறி ரீச்சர்” என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து தொடங்குகிற பழக்கம் ஆரம்ப வகுப்பிலேயே ஊறிவிடுகிறது. அப்படிப் பழகிய பிள்ளை பரீட்சை மேடையிலும் நிறுத்தும், கோயிலிலும் நிறுத்தும். பிழைத்தால் வாய் நிற்கலாம், கை போய்க்கொண்டிருக்க வேண்டும், அடுத்த ஆவர்த்தனத்தின் (தாளத்தின் ஒரு முழுச் சுற்றின்) தொடக்கத்தில் சேர்ந்துகொள்ள வேண்டும். இதையே ஒரு தனி இலக்காக வைத்து ஒரு வாரம் பழக்கலாம். ஆசிரியர் வேண்டுமென்றே நடுவில் “நிப்பாட்டுங்கோ” என்று சொல்வார். பிள்ளை வாயை மூடிக் கையை விடாமல், சமத்தில் (சுற்றின் தொடக்கத்தில்) திரும்பச் சேர வேண்டும். பிள்ளைகளுக்கு இது விளையாட்டுப் போலவும் இருக்கும்.

இனி அளவு. எந்த வேகத்தில் என்று சொல்லாமல் “மூன்று காலத்திலும் பாடும்” என்று எழுதினால் அது அளவே இல்லாத இலக்கு. போனில் சீராகத் தட்டொலி தரும் மெட்ரோனோம் செயலி இலவசமாகக் கிடைக்கிறது. நிமிடத்துக்கு 60 தட்டு என்று வையுங்கள், ஒரு அட்சரம் ஒரு விநாடி. முதல் சரளி வரிசையில் ஏறி இறங்கப் 16 சுரம். முதலாம் காலத்தில் அது இரண்டு ஆவர்த்தனம், 16 விநாடி. இரண்டாம் காலத்தில் ஒரு ஆவர்த்தனம், 8 விநாடி. மூன்றாம் காலத்தில் 4 விநாடியில், லகு முடிகிற இடத்தில், வரிசை முடிந்துவிடும். ஆவர்த்தனத்தில் பாதிதான் போயிருக்கும். அங்கேயே நிறுத்துகிற பிள்ளை தாளத்தை அந்தரத்தில் விட்டுவிடுகிறது. முதலாம் காலத்தில் ஒருமுறை, இரண்டாம் காலத்தில் இருமுறை, மூன்றாம் காலத்தில் நான்குமுறை பாடுகிற பழைய முறையில் ஒவ்வொரு காலமும் இரண்டு ஆவர்த்தனத்தை நிரப்பும். மொத்தம் 48 விநாடி. இந்தக் கணக்கு பிறகு வகுப்பை நடத்தவும் கைகொடுக்கும்.

இரண்டாம் காலத்துக்குப் போனவுடன் தாளமும் சேர்ந்து ஓடுவதுதான் அநேகமான பிள்ளைகளுக்கு வருகிற வில்லங்கம். ஒரு அட்சரத்துக்குள் இரண்டு சுரம் வைப்பது என்று எத்தனைமுறை விளக்கினாலும் கை கேட்காது. அதனால் பாட்டை நான்கு படியாகப் பிரித்து, எந்தப் படியில் பிழைக்கிறது என்று பார்க்க வேண்டும். முதலில் மெட்ரோனோமோடு தாளம் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தட்டுக்கும் “தக” என்று நான்கு ஆவர்த்தனம் சொல்லட்டும். அடுத்து, இராகம் இல்லாமல் “ஸரி கம பத நிஸ” என்று வெறும் சொல்லாகச் சொல்லட்டும். மூன்றாவதாக அதே சுரப் பெயர்களை ஸட்ஜம் ஒன்றிலேயே பாடட்டும். நான்காவதாகத்தான் சரளியாகப் பாட வேண்டும். “தக”விலேயே கை ஓடினால் தாளம் இன்னும் நிலைக்கவில்லை. இரண்டாவதில் நாக்குத் தடுக்கினால் வரிசை மனதில் பதியவில்லை. மூன்று படியும் சரியாக வந்து நான்காவதில் மட்டும் குழம்பினால் பிரச்சினை சுரஸ்தானத்தில் (சுரத்தின் சரியான உயரத்தில்) இருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு. “இன்னொருக்காப் பாடுங்கோ” என்பது மூன்றுக்குமே மருந்தாகாது.

வேகத்தைப் பிள்ளைக்குப் பிள்ளை மாற்றுவதில் தவறில்லை. 60இல் மூன்றாம் காலம் பாடுவது என்றால் விநாடிக்கு நான்கு சுரம். அது எல்லோருக்கும் ஒரே மாதத்தில் வராது. ஒரே இலக்கு வசனத்தில் எண்ணை மட்டும் மாற்றி, ஒருவருக்கு 48, இன்னொருவருக்கு 54, மற்றவருக்கு 60 என்று கொடுத்தால் வகுப்பு பிரியாமல் சேர்ந்தே போகும். பின்தங்கிய பிள்ளை தனக்கென்று வேறு பாடம் படிக்கவில்லை, எல்லோரும் பாடுவதைத்தான் கொஞ்சம் ஆறுதலாகப் பாடுகிறது.

சுரஸ்தானத்துக்கு வருவோம், ஏனென்றால் இதற்கு இலக்கு எழுதுபவர்கள் மிகக் குறைவு. சரளி பாடுகிற இராகமான மாயாமாளவகௌளையில் சுத்த ரிஷபம் (ரி) ஸட்ஜத்தை ஒட்டியே இருக்கிறது. அதிலிருந்து அந்தர காந்தாரத்துக்கு (க) தூரம் அதிகம். ஹார்மோனியத்தில் பார்த்தால் உடனே விளங்கும். 5 கட்டையில் ஸட்ஜம் என்றால், சுத்த ரிஷபம் பக்கத்தில் இருக்கிற 5½ கறுப்புக் கட்டை. அந்தர காந்தாரமோ 7 கட்டை. நடுவில் 6, 6½ இரண்டையும் தாண்டிப் போக வேண்டும். பிள்ளையின் காது வானொலியிலும் போனிலும் கேட்ட சினிமாப் பாட்டுகளில் அதைவிட உயர்ந்த சதுஸ்ருதி ரிஷபத்துக்குப் பழகியிருக்கும். அதனால் ரி மெல்ல மேலேறி 6 கட்டையில் போய் உட்காரும். இறங்கும்போது இதே கதை தைவதத்தில் (த) நடக்கும். காகலி நிஷாதத்திலிருந்து (நி) சுத்த தைவதத்துக்கு நன்றாக இறங்க வேண்டிய குரல், பாதி வழியில் சதுஸ்ருதி தைவதத்தில் தங்கிவிடும். இரண்டும் சேர்ந்தால் பிள்ளை பாடுவது சங்கராபரணம் என்ற வேறு இராகம். முப்பது பேர் சேர்ந்து பாடுகிற இரைச்சலில் இது ஒருவர் காதிலும் விழாது.

இதற்கு வைக்க வேண்டிய இலக்கு மிகச் சிறியது: “சுருதிப் பெட்டி மட்டும் ஒலிக்க, ஸ – ரி – ஸ, ப – த – ப என்று ஒவ்வொரு சுரத்தையும் 4 அட்சரம் நீட்டிப் பாடும்.” ஹார்மோனியத்தில் கூட வாசித்தால் பிள்ளை கட்டையின் ஒலியோடு ஒட்டிக்கொள்ளும், உண்மை வெளியே வராது. வெறும் சுருதியில் பாடவிட்டு, ரியை நீட்டிப் பிடித்திருக்கும்போது 5½ கட்டையை ஒருமுறை மெல்ல அழுத்திப் பாருங்கள். சரியாக இருந்தால் இரண்டும் ஒன்றாக ஒலிக்கும், இல்லாவிட்டால் மோதும். பிள்ளையின் காதுக்கே வித்தியாசம் கேட்டுவிடும். யாரும் விளக்கத் தேவையில்லை.

அடுத்தது சுரஞானம். சங்கீதப் பரீட்சைகளில் தரம் நான்கு, ஐந்து வரை போன பிள்ளைகளில்கூட, ஒரு சின்னப் பிடியை (சில சுரங்களின் சேர்க்கையை) அகாரத்தில், அதாவது “ஆ” என்று பாடி “இது என்ன சுரம்?” என்று கேட்டால் பேசாமல் நிற்பவர்கள் பலர். அவர்கள் வரிசையைப் பாட்டாகப் பாடமாக்கியிருக்கிறார்கள். பஞ்சமத்திலிருந்து தொடங்கு என்றால், ஸட்ஜத்திலிருந்து மனதுக்குள் ஓடிவந்துதான் பஞ்சமத்தைப் பிடிப்பார்கள். இதற்கு மூன்று கட்டமாக இலக்கு வைக்கலாம். முதற் கட்டத்தில் ஸ, ப, மேல் ஸ ஆகிய மூன்று மட்டும். இரண்டாம் கட்டத்தில் க, ம சேரும். மூன்றாம் கட்டத்தில்தான் ரி, த, நி. ஒவ்வொரு கட்டத்திலும் ஆசிரியர் அகாரத்தில் பத்துமுறை பாட, எட்டைச் சரியாக எழுதினால் அடுத்த கட்டம். பாடசாலை வகுப்புக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. தனித்தனியே பாடவைத்துக் கேட்கத் தேவையில்லை. 35 பேரும் கொப்பியில் ஒரே நேரத்தில் எழுதுவார்கள், ஐந்து நிமிடத்தில் முழு வகுப்பின் நிலையும் கையில் வந்துவிடும். இதை வாரத்துக்கு ஒருமுறையாவது செய்யாத சங்கீத வகுப்பு பிள்ளைக்குச் சுரத்தின் பெயரைக் கொடுக்கிறது, சுரத்தைக் கொடுக்கவில்லை. நாங்கள் இதை உறுதியாகவே சொல்வோம்.

ஏழு தாளங்களில் அமைந்த பயிற்சியான அலங்காரத்தில் வேறொரு சிக்கல். ஏழு தாளத்துக்கும் அட்சர எண்ணிக்கையைச் சொல்வதே இலக்காக வைக்கப்படுகிறது. துருவம் 14, மட்டியம் 10, ரூபகம் 6, ஜம்பை 10, திரிபுடை 7, அட தாளம் 14, ஏகம் 4 என்று பிள்ளை மூச்சுவிடாமல் ஒப்புவிக்கும். ஆனால் மட்டியமும் ஜம்பையும் இரண்டும் 10. துருவமும் அட தாளமும் இரண்டும் 14. எண்ணிக்கை தெரிந்தால் தாளம் தெரிந்ததாகிவிடாது. மட்டியத்தில் 4, 2, 4 என்று லகு, திருதம், லகு வரும். மிஸ்ர ஜாதி ஜம்பையில் 7 அட்சர லகு, பிறகு அனுதிருதம் (ஒரு தட்டு) ஒன்று, திருதம் ஒன்று. துருவம் 4, 2, 4, 4. கண்ட ஜாதி அட தாளம் 5, 5, 2, 2. ஆகவே இலக்கை இப்படி எழுத வேண்டும்: “தாளத்தின் பெயரைச் சொன்னவுடன் அங்கக் குறியீட்டை (லகு, திருதம் முதலியவற்றின் அடையாளத்தை) எழுதி, பாட்டில்லாமல் இரண்டு ஆவர்த்தனம் கையால் போட்டுக் காட்டும்.” ஜம்பையில் ஏழு எண்ணுகிற லகுவில், சுண்டுவிரலில் தொடங்கிப் பெருவிரல்வரை வந்தபின் மறுபடி சுண்டுவிரலுக்குப் போக வேண்டும் என்பதை அநேகமான பிள்ளைகள் கையால் போட்டுப் பார்க்கும்வரை அறிய மாட்டார்கள்.

கீதத்தில் ரூபக தாளம் என்றால் திருதம், லகு என்று 6 அட்சரம். கிருதிக்குப் போகும்போது அதே பெயரில் தட்டு, தட்டு, வீச்சு என்று 3 எண்ணிக்கையாகப் போடுவார்கள். எதைக் கேட்கிறோம் என்று இலக்கில் எழுதாவிட்டால், வீட்டில் அக்காவிடம் கேட்டுப் பழகிவந்த பிள்ளை ஒன்றைப் போட, வகுப்பில் மற்றொன்றைப் போடச் சொல்லிப் பேச்சு வாங்கும். மலஹரி இராகக் கீதங்களுக்கு இன்னொரு நிபந்தனை சேருங்கள்: சாகித்தியத்தின் (பாட்டின் சொற்களின்) எந்த அடியை ஆசிரியர் தொட்டுக் காட்டினாலும் அந்த அடியின் சுரத்தைப் பிள்ளை பாட வேண்டும். மலஹரியில் நிஷாதமே கிடையாது. சரளியில் ஊறிய வாய் மேல் ஸட்ஜத்திலிருந்து இறங்கும்போது நியைத் தொட்டுவிட்டுத் தைவதத்துக்கு வரப் பார்க்கும். சாகித்தியமாகப் பாடும்போது மறைந்திருக்கிற இந்தப் பிழை சுரமாகப் பாடும்போதுதான் வெளிச்சத்துக்கு வரும்.

அறிமுறைப் பாடத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. “மாயாமாளவகௌளை 15ஆவது மேளம்” என்று எழுதுவது ஞாபகசக்தி. “மா”வுக்கு 5, “யா”வுக்கு 1, திருப்பிப் போட்டால் 15 என்று, எழுத்துக்கு எண் கொடுக்கும் கடபயாதி முறையில் தானே கண்டுபிடிப்பதும், மேளங்களை (தாய் இராகங்களை) ஆறாறாகப் பிரிக்கும் சக்கரங்களில் 13 முதல் 18 வரை மூன்றாவது சக்கரம் என்பதால் இது அந்தச் சக்கரத்தில் மூன்றாவது என்று சொல்வதும் இலக்கு.

பாடசாலையில் இதெல்லாம் எப்படி நடக்கும் என்று கேட்பது நியாயமான கேள்வி. ஒரு பாடவேளை 40 நிமிடம், வகுப்பில் 35 பேர் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து வகுப்பில் கணிதம் நடக்கிறது, இடையில் ஒரு தட்டிதான் இருக்கிறது. ஒரு சரளியை மூன்று காலத்திலும் பாடத் தலைக்கு 48 விநாடி என்றால் 6 பிள்ளைகளைக் கேட்க ஐந்து நிமிடம் போதும். ஒவ்வொரு பாடவேளையிலும் ஆறு பேர், வாரத்துக்கு இரண்டு பாடவேளை. மூன்று வாரத்தில் முழு வகுப்பையும் தனித்தனியே கேட்டு முடித்துவிடலாம். மிச்ச 35 நிமிடத்தில் சுருதி பிடிக்க ஐந்து, பழைய பாடத்துக்குப் பத்து, புதிய பாடத்துக்குப் பதினைந்து, சுரம் எழுத ஐந்து. அந்த ஆறு பேர் பாடும்போது மற்றவர்கள் சும்மா இருக்கக் கூடாது. சத்தமில்லாமல் தாளம் போட்டு, பாடுபவர் எந்த அட்சரத்தில் முடிக்கிறார் என்று விரலைக் காட்ட வேண்டும்.

பதிவுக்கு ஒற்றைத் தாள் ஒன்று போதும். பெயருக்கு எதிரே சுருதி, தாளம், மனனம், சுரத் தெளிவு என்று நான்கு கூடு. சரி என்றால் கோடு, பாதி என்றால் அரைக்கோடு, இல்லை என்றால் வட்டம், பக்கத்தில் திகதி. நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி போட வேண்டாம். 62 புள்ளி எடுத்த பிள்ளைக்கு அடுத்த கிழமை எதைப் பழகுவது என்று தெரியாது. தாளத்தில் வட்டம் விழுந்த பிள்ளைக்குத் தெரியும்.

ஒரு தவணைக்கு 12 வாரம் கிடைத்தால் 9 வாரத்துக்கு மட்டும் இலக்கு வையுங்கள். முதலாம் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டி வரும், பிறகு தமிழ்மொழித் தினப் போட்டி, வாணி விழா, இடையில் ஊர்க்கோயில் கொடியேற்றம் என்று நாட்கள் கரைந்துவிடும். போட்டிக் காலத்தில் நடக்கிற ஒன்றை இங்கே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். குரல் நன்றாக உள்ள ஏழெட்டுப் பேரை எடுத்துக் குழுப்பாடல் பழக்குவார்கள். மற்ற இருபத்தேழு பேரும் வாங்கில் இருந்து பார்ப்பார்கள். மாதக்கணக்கில் பார்த்துவிட்டு, தமக்குச் சங்கீதம் வராது என்று தாமே முடிவு செய்து, பத்தாம் ஆண்டில் பாடத்தை மாற்றிவிடுவார்கள். குழுவுக்குப் போகாத பிள்ளைக்கு அந்த வாரங்களில் தாளமும் சுரமெழுதலும் இலக்காக இருக்கட்டும். தாளம் பிசகாத கையும் சுரம் தெரிகிற காதும் குரலை நம்பி இருப்பவையல்ல.

எட்டாம், ஒன்பதாம் ஆண்டு ஆண் பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். குரல் உடைகிற பருவம் அது. சில மாதத்துக்குள் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி (ஸ முதல் மேல் ஸ வரையான தூரம்) இறங்கிவிடும். நேற்றுப் பாடிய மேல் ஸட்ஜம் இன்று வராது, நடுவில் குரல் பிளந்து மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்தக் காலத்தில் பழைய இலக்கை அப்படியே வைத்திருப்பது கொடுமை. மத்திய ஸ்தாயி ஸட்ஜத்திலிருந்து பஞ்சமம்வரை மட்டும் பாடவிடுங்கள், மாதத்துக்கு ஒருமுறை சுருதியைப் பார்த்து மாற்றுங்கள், மேல் ஸ்தாயி வரிசையைப் பரீட்சிக்க வேண்டாம். காலப் பிரமாணம் (வேகம் குலையாமை), சுரஞானம், தாளம் ஆகியவற்றில் அந்தப் பிள்ளையை முன்னே கொண்டுபோகலாம். குரல் நிலைத்தபின் சங்கீதத்துக்குத் திரும்பி வரும்.

தேவாரத்துக்கு இலக்கு எழுதுவதை யாரும் நினைப்பதில்லை, தினமும் காலைப் பிரார்த்தனையில் பாடுவதால் அது தானாக வரும் என்று விட்டுவிடுகிறோம். வருவது என்ன? முன்னுக்கு நிற்கிற பிள்ளை வாய்க்கு வந்த சுருதியில் தொடங்கும், மூன்றாம் அடியில் மேலே எட்டாமல் குரல் அறும், நானூறு பேரும் ஆளுக்கொரு சுருதியில் முடிப்பார்கள். முதல் இலக்கு இதுதான்: சுருதியைக் கேட்டு, ஸட்ஜத்தை மனதுக்குள் பிடித்து, அதிலிருந்து முதற் சொல்லைத் தொடங்குவது. போனில் சுருதிச் செயலியை முப்பது விநாடி ஒலிக்கவிட்டால் போதும். இரண்டாவது, மூச்சு. சொல்லின் நடுவில் மூச்சு எடுத்தால் பொருள் முறிந்துவிடும். பதிகத்தைப் பதம் பிரித்து எழுதி, மூச்சு எடுக்கும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, அந்தக் கோட்டில் மட்டும் எடுப்பது இலக்கு. மூன்றாவது, ழகர ளகர லகரம். பண்ணிசை வகுப்பாக இருந்தால் பண்ணும் (தேவாரத்தின் பழந்தமிழ் இராகமும்) அதற்கு இன்று பாடப்படும் இராகமும் சேரும். நட்டபாடைக்குக் கம்பீரநாட்டை, பழந்தக்கராகத்துக்குச் சுத்தசாவேரி, தக்கேசிக்குக் காம்போதி. பெயரைச் சொன்னால் மட்டும் போதாது, அந்த இராகத்தின் ஆரோகண அவரோகணத்தையும் பாடிக் காட்ட வேண்டும்.

தனியார் வகுப்புகளில் பெரும்பாலும் வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைதான் இலக்காக நிற்கிறது. 1931இல் தொடங்கிய அந்தச் சபையின் தரப் பரீட்சைகள் இங்கே பல தலைமுறைக்குச் சங்கீதத்தை ஒழுங்காகப் படிக்க வழிகாட்டியிருக்கின்றன. மருதனார்மடத்தில் 1960இல் தொடங்கி 1975 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த இராமநாதன் நுண்கலைக் கழகத்துக்கு முந்தைய ஏற்பாடு அது. பாடத்திட்டம் என்ன படிக்க வேண்டும் என்று சொல்லும். எவ்வளவு நன்றாக, எந்தக் கிழமைக்குள் என்பதை வகுப்பில் உள்ளவர்தான் எழுத வேண்டும். பரீட்சைக்கு முன்னைய மூன்று மாதத்தில் பத்து உருப்படியையும் மாறிமாறி ஓட்டுவதால் பத்தும் அரைகுறையாகவே நிற்கும். பல பகுதிகள் கொண்ட உருப்படியான ஒரு வர்ணத்தைப் பல்லவியும் அனுபல்லவியும் ஒரு இலக்கு, முத்தாயி சுரம் ஒரு இலக்கு, சரணமும் சிட்டை சுரங்களும் ஒரு இலக்கு, முழுவதும் இரண்டு காலம் ஒரு இலக்கு என்று நான்காகப் பிரித்து, ஒன்று நிலைத்தபின் மற்றதைத் தொட்டால் பரீட்சை நெருங்கும்போது பதற்றம் இராது.

வயலினுக்கு இலக்கு பாட்டில் தொடங்கக் கூடாது. ஸ, ப, ஸ, ப என்று சுருதி சேர்த்த நான்கு தந்தியிலும், 60 வேகத்தில், ஒரு வில்லுக்கு 4 அட்சரம் ஒரே கனத்தில் இழுப்பதே முதல் மாத இலக்கு. வில் கோணினால் சத்தம் கீச்சிடும், அதைப் பிள்ளையே கேட்கும். மிருதங்கத்துக்குத் “த தி தொம் நம்” மூன்று காலத்திலும், வாயால் சொல்லிக்கொண்டே. வாய் சொல்லாததைக் கை வாசித்தால் அது நிலைக்காது.

வீட்டுப் பயிற்சிக்கு “நல்லாப் பழகிக்கொண்டு வாங்கோ” என்று அனுப்பாமல் 15 நிமிடத்தைப் பிரித்துக் கொடுங்கள்: சுருதியில் நீட்டிப் பாட 3, பழைய பாடத்துக்கு 5, இந்தக் கிழமை இலக்குக்கு 5, அம்மாவின் போனில் ஒருமுறை பதிவுசெய்து கேட்க 2. பதிவைக் கேட்கும்போது பிள்ளை பார்க்க வேண்டியது ஒன்றுதான், கொப்பியில் எழுதிய இலக்கு வசனம் நடந்ததா இல்லையா. தாய் தகப்பனுக்கும் அந்த வசனமே பதில். “மூன்று சரளியும் தானே தாளம் போட்டுப் பாடுவா, மூன்றாம் காலத்தில் மட்டும் கை ஓடுது” என்று சொன்னால் தாய் வீட்டில் கையைப் பார்ப்பார். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து இணையவழியில் இங்குள்ள ஆசிரியரிடம் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த எழுத்து இன்னும் முக்கியம். சத்தம் தாமதமாகப் போவதால் ஆசிரியரும் பிள்ளையும் சேர்ந்து பாடவோ ஒன்றாகத் தாளம் போடவோ முடியாது. சுருதியும் மெட்ரோனோமும் பிள்ளையின் பக்கத்தில் ஒலிக்க, ஆசிரியர் தன் ஒலிவாங்கியை மூடிவிட்டுக் கேட்பதைத் தவிர வழியில்லை.

மூன்று வகுப்பு போயும் இலக்கு எட்டவில்லையென்றால் அந்த வசனத்தைத் திருத்த வேண்டும். குறைக்கக் கூடியவை மூன்று: வேகம், நீளம், ஸ்தாயி எல்லை. ஒரே தடவையில் ஒன்றை மட்டும் குறையுங்கள். மூன்றையும் குறைத்துவிட்டால் எது தடையாக இருந்தது என்று பிறகு அறிய முடியாது. 60இல் வராத மூன்றாம் சரளி 48இல் வந்தால் தடை வேகத்தில் இருந்தது. அதே வேகத்தில் ஒரு வரி மட்டும் வந்தால் மனனத்தில் இருந்தது. பஞ்சமம்வரை நன்றாக வந்து மேலே தடுமாறினால் சுருதியை அரைக் கட்டை இறக்கிப் பாருங்கள். 48இல் இரண்டு வகுப்புத் தொடர்ந்து சரியாக வந்தால் 54 என்று பிள்ளையையே கொப்பியில் எழுதச் சொல்லுங்கள், திகதியோடு.